ரைசன் 5 5600ஜி: ஏஎம்டி பிஸ்டேட் இயக்கி ஏற மறுக்கிறது, உதவி தேவை

வணக்கம். ரைசன் 5 5600ஜி செயலி பொருத்திய என் மேசைக்கணினியில் டெபியன் 12 லினக்ஸை நிறுவி மூன்று வாரங்கள் ஆகின்றன. அதன் கெர்னல் 6.1இல், செயலியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏஎம்டி பிஸ்டேட் இயக்கி இருந்தும் அது ஏறாமல், பழைய ஏசிபிஐ சிபியூஃப்ரெக் இயக்கியே செயல்படுகிறது. அதனால் 1.4, 1.7, 3.9 கிகாஹெர்ட்ஸ் என மூன்றே வேகப் படிகள் கிடைக்கின்றன. உலாவியைத் திறந்தாலே வேகம் உச்சத்துக்குத் தாவி, விசிறி இரைந்து, சில நொடிகளில் அடங்குகிறது. இரவு முழுவதும் ஓட வேண்டிய கணினி என்பதால் இது எனக்கு மிக முக்கியம்.

கெர்னலைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் 'ஏஎம்டி_பிஸ்டேட்=பாசிவ்' என்று சேர்த்து, அப்டேட்-கிரப் கொடுத்து மறுதொடக்கம் செய்தேன். டெபியனின் பேக்போர்ட்ஸில் கிடைக்கும் புதிய கெர்னலையும் போட்டுப் பார்த்தேன். பயாஸையும் புதுப்பித்தேன். ஒவ்வொரு முறையும் டிமெஸ்கில் (கெர்னலின் செய்திப் பதிவில்) வருவது ஒரே செய்திதான்: பயாஸில் _சிபிசி (செயலியின் வேக விவரங்களை இயக்கிக்குத் தரும் பகுதி) இல்லை. ஆனால் செயலியின் வசதிகளை எல்எஸ்சிபியூ கட்டளை காட்டும் பட்டியலில், இவ்வியக்கிக்குத் தேவையான சிபிபிசி என்ற வேகக் கட்டுப்பாட்டு வசதி இருக்கிறது. ஆகவே குறை சிப்பில் இல்லை, வன்பொருளைப் பற்றி இயங்குதளத்துக்குச் சொல்ல பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணையில்தான் என்று கருதுகிறேன். பயாஸ் அமைப்புகளை வரி வரியாகத் தேடியும் சிபிபிசி என்ற தேர்வு தென்படவில்லை.

_சிபிசி அடங்கிய எஸ்எஸ்டிடி என்ற கூடுதல் ஏசிபிஐ அட்டவணையை, தொடக்கத்தில் கெர்னலுடன் ஏற்றப்படும் இனிட்ஆர்டி கோப்பு வழியாக ஏற்றி இவ்வியக்கியைச் செயல்பட வைத்தவர் எவரேனும் இருந்தால், அதை எவ்வாறு செய்தீர்கள்?