பிளாக் ஹீட்டர்: ‘முன்சூடேற்றி’ போதுமா?

வணக்கம்.

கடுங்குளிரில் வண்டியைக் கிளப்பும் முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்கும் மின்கருவிக்குச் சொல் வேண்டும். கையேட்டு வரைவில் இப்போதைக்கு ‘முன்சூடேற்றி’ என்று இருக்கிறது. ‘எந்திரப் பாள வெப்பமூட்டி’ என்றும் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. எது பொருந்தும்? பொருத்தும் முறை பற்றிய பகுதியையும் பார்த்துத் திருத்தினால் நல்லது.

———

> முன்சூடேற்றி

வேண்டாம். டீசல் எஞ்சினில் குளோ பிளக் செய்வதும் முன்சூடேற்றம்தான். அது பேட்டரியில் இயங்கி எரியறையைச் சில நொடிகளில் சூடாக்குகிறது. இதுவோ சுவர் மின்சாரத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஓடி, குளிர்விநீரையும் அதன் வழியாக எஞ்சின் பிளாக்கையும், அதாவது எஞ்சினின் வார்ப்பு உடலையும், சூடாக்குவது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் பழுது பார்ப்பவர் வேறு உருப்படியைக் கழற்றுவார்.

> பாள வெப்பமூட்டி

பாளம் என்பது உள்ளே வெற்றிடமில்லாத கட்டி. எஞ்சின் பிளாக்கின் உள்ளே முழுக்க நீர்வழிகள். அவை இருப்பதால்தான் இந்தக் கருவிக்கே அங்கே இடம். ஆகவே ‘பொறியுடல் சூடேற்றி’ என்பது என் பரிந்துரை. ‘பொறி’ தீப்பொறியையும் குறிக்குமே என்றால், ‘உடல்’ ஒட்டிய பின் அந்த மயக்கம் வராது. ‘பொறியுடற்சூடேற்றி’ என்று புணர்த்தி எழுத வேண்டாம், தேடினால் அகப்படாது.

இது பொதுப்பெயர் மட்டும். வகைகளுக்கு அவை உட்காரும் இடத்தை வைத்தே பெயர் இடவேண்டும், ஏனென்றால் வாங்கும்போது தீர்மானிக்க வேண்டியது அதைத்தான். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டை எடுத்துவிட்டு அந்தத் துளையில் செருகுவது ‘வார்ப்புத்துளைச் சூடேற்றி’. கார்களுக்குப் பெரும்பாலும் 400 வாட்டை ஒட்டியது போதும். பெரிய டீசலுக்கு 1000 வாட்டும் அதற்கு மேலும். பலன் அதிகம் தருவது இதுதான், பொருத்தக் கடினமானதும் இதுதான். துளை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் என்பதால், எஞ்சின் எண்ணைக் கொண்டு பார்க்காமல் வாங்கக் கூடாது.

அந்தத் தகட்டை ஆங்கில வழக்கில் ஃப்ரீஸ் பிளக் என்பார்கள். அதைப் பார்த்து ‘உறைவடைப்பு’ என்று தயவுசெய்து ஆக்கிவிடாதீர்கள். வார்ப்பு மணலை வெளியே எடுக்க விட்ட துளையை மூடுவதுதான் அதன் வேலை. நீர் உறைந்தால் சிலசமயம் அது தெறித்து வெளியே வரும். ஆனால் அது தெறிக்கும் முன்பே பிளாக்கில் விரிசல் விழலாம். ‘வார்ப்புத்துளை மூடி’ என்றால் யாரும் அதைப் பாதுகாப்பென்று நம்பமாட்டார்கள்.

ரேடியேட்டரின் கீழ்க்குழாயை வெட்டி நடுவே இணைப்பது ‘குழாய்ச் சூடேற்றி’. எண்ணெய்த்தொட்டியின் அடியில் ஒட்டும் சிலிக்கோன் பட்டை ‘எண்ணெய்த்தொட்டிச் சூடேற்றி’. அது குளிர்விநீரைத் தொடாது, எண்ணெயை மட்டும் இளக்கும். எஞ்சின் தலையை இறுக்கும் திருகு ஒன்றின் இடத்தில் பொருத்தும் ‘தலைத்திருகுச் சூடேற்றி’ இன்று அரிது. ஆனால் வரலாற்றுக் குறிப்பில் வேண்டும்: வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949இல் காப்புரிமை பெற்றது அந்த வகைக்குத்தான்.

———

பொறியுடல் சூடேற்றிக்கு என் ஒப்புதல். பொருத்தும் பகுதியில் விட்டுப்போனவற்றை எழுதுகிறேன்.

எஞ்சின் முழுதாக ஆறியபின் குளிர்விநீரை வார்ப்புத்துளை மூடியின் மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும். மூடியின் ஒரு விளிம்பில் துளையுளியை வைத்துத் தட்டினால் அது பக்கவாட்டில் திரும்பும். குறட்டால் பிடித்து இழுக்கலாம். நடுவில் ஓங்கி அடித்தால் மூடி நீர்வழிக்குள் விழுந்துவிடும். துளையின் உட்சுவரில் உள்ள துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள். கசிவுகளுக்குப் பெரும்பாலும் இங்கே மிச்சம் விட்ட துருதான் காரணம். ஓ-வளையத்தில் குளிர்விநீரைத் தடவிச் செருகி, சூட்டிழை வார்ப்புச் சுவரைத் தொடாதபடி திருப்பி, தயாரிப்பாளர் சொன்ன முறுக்களவுக்கு இறுக்குங்கள்.

அடுத்தது வரைவில் இல்லவே இல்லை, கட்டாயம் சேருங்கள்: குளிர்விநீரை நிரப்பி, சூடேற்றிக்கு மின்சாரம் தராமல் எஞ்சினை ஓட்டி, தெர்மோஸ்டாட் திறந்து காற்று முழுதும் வெளியேறிய பிறகே செருகியைச் சுவரில் மாட்ட வேண்டும். காற்றுக்குமிழில் நிற்கும் சூட்டிழை சீக்கிரமே கருகிவிடும். குளிர்விநீரில் உறைதடுப்பியான கிளைக்காலும் நீரும் சரிபாதி இருந்தால் உறைநிலை சுமார் −37 பாகை செல்சியஸ். ‘இன்னும் கொஞ்சம் கிளைக்கால்’ என்று கூட்டிக்கொண்டே போனால் வெப்பத்தைக் கடத்தும் திறன் குறைந்து சூட்டிழைக்கே கேடு. ஓர் அளவுக்கு மேல் உறைநிலையும் திரும்ப ஏறும்.

வடத்தைப் புகைபோக்கிக் குழாய், விசிறி, வார்ப் பட்டை ஆகியவற்றுக்கு எட்டாமல் கட்டுங்கள். நிலக்கம்பி எஞ்சின் உலோகத்தோடு தொடர்பில் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். நீட்டிப்பு வடம் வெளிப்புறத்துக்கானதாக, மூன்று கம்பியோடு, நிலக்கசிவுத் துண்டிப்பானின் (மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) வழியாக வரவேண்டும்.

வேலை செய்கிறதா என்று பிளாக்கைத் தொட்டுப் பார்ப்பதை விட மின்தடையை அளப்பது மேல். 400 வாட் சூடேற்றி 120 வோல்ட்டில் சுமார் 36 ஓம், 230 வோல்ட்டில் சுமார் 132 ஓம் காட்டும். முடிவிலி காட்டினால் சூட்டிழையோ வடமோ அறுந்திருக்கிறது. வடத்தை முதலில் சோதியுங்கள், அடிபடுவது அதுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் டீசல் வண்டி கிளம்பாவிட்டால் எரிபொருளில் மெழுகு கட்டியிருக்கலாம். இந்தக் கருவி எரிபொருளையும் பேட்டரியையும் சூடாக்காது என்று வரையறையிலேயே ஒரு வரி இருக்கட்டும்.

ஒன்று பாக்கி. வரைவில் டைமருக்கு ‘நேரமானி’ என்று இருக்கிறது. அது நேரத்தை அளப்பது. இங்கே வேண்டியது குறித்த நேரத்தில் மின்சாரத்தை இணைப்பது. இரவு முழுக்க 12 மணி நேரம் விட்டால் 400 வாட் கருவி 4.8 யூனிட் எடுக்கும். மூன்று மணி நேரத்துக்கு 1.2 யூனிட்தான். ‘நேர இணைப்பி’ என்று வைக்கலாமா? எந்தச் சொல்லானாலும் பக்கத்தில் தாங்கும் ஆம்பியரையும் குறியுங்கள்: 120 வோல்ட்டில் 1000 வாட் என்றால் 8.3 ஆம்பியர், சிறிய டைமர்கள் அதைத் தாங்கா.