ஒடுங்கின துடுப்பா, அகலத் துடுப்பா? மட்டக்களப்பு வாவிக்கு எது சரி

வாவிக்கரை_கல்லடி

எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது 16 அடி ஃபைபர் கயாக், நடு அகலம் 58 செ.மீ. துடுப்பு 230 செ.மீ. நீளம், அலுமினியத் தண்டு, ரெண்டு முனையிலயும் தண்ணியைத் தள்ளுற தட்டையான பிளாஸ்ரிக் அலகு. அலகு 18 செ.மீ. அகலம், மொத்த எடை 1.2 கிலோ. ரெண்டு அலகும் ஒண்டுக்கொண்டு 60 பாகை திருப்பி இருக்கு.

கல்லடிப் பாலத்தடியில இறக்கி மண்முனைப் பாலம் மட்டும் போய்த் திரும்புறது என்ட ஓட்டம். கச்சான் காத்து தொடங்கினா திரும்பி வரக்குள்ள மேல நிக்கிற அலகைக் காத்து தட்டித் தூக்குது. வலது மணிக்கட்டும் தோளும் நோகுது. கிறீன்லாந்து ஆக்கள் பாவிக்கிற ஒடுங்கின மரத் துடுப்பு இதுக்கு நல்லம் எண்டு சொல்லுறாங்க. 8, 9 செ.மீ. அகலமான ஒரு பலகைத்துண்டு 16 அடிக் கயாக்கைத் தள்ளுமா? தள்ளும் எண்டா இங்க ஒரு ஓடாவியாரைக் கொண்டு செய்விக்க என்ன மரம், என்ன அளவு? வாவியில கன இடம் முழங்கால் தண்ணிதான், ஆற்றுவாழை, சாதாளை எண்டு நீர்ப்பூண்டும் வேற. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நீரோட்டம்

தம்பி, முதலில் மணிக்கட்டைப் பார்ப்போம். அந்த நோவு பெரும்பாலும் அலகின் அகலத்தால் வருவதில்லை, 60 பாகைத் திருப்பத்தால் வருவது. இடப்பக்கம் ஒவ்வொரு தரம் தண்ணீரில் போடும்போதும் வலது கை தண்டை முறுக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு மணித்தியால ஓட்டத்தில் அது ஆயிரம் தடவையைத் தாண்டும். உங்கள் தண்டின் நடுவில் பொத்தான் மூட்டு இருந்தால் இன்றைக்கே 30 பாகைக்கோ பூச்சியத்துக்கோ மாற்றி ஒரு கிழமை ஓடிப்பாருங்கள். சதம் செலவில்லை. தண்டை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

தள்ளுமா என்று கேட்டீர்கள். பரப்பைக் கணக்குப் பாருங்கள். 46 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம் உள்ள அலகு, மூலைகள் வளைந்து போக, சுமார் 650 சதுர செ.மீ. வரும். ஒடுங்கிய துடுப்பின் அலகு 80 செ.மீ. நீளம். அடியில் 5 செ.மீ., நுனிப்பக்கம் 8.5 செ.மீ., சராசரி 7 என்று வைத்தால் 560. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த 80 செ.மீ.யும் தண்ணீருக்குள் போக வேண்டும். நுனியை மட்டும் நனைத்துவிட்டு "இது தள்ளாது" என்று திருப்பிக் கொடுத்தவர்கள்தான் கனபேர்.

அகல அலகு போட்ட கணமே முழுத் தண்ணீரையும் பிடிக்கும். அந்த இழுப்பு நேராகத் தோளுக்கு வரும். ஒடுங்கியது மெதுவாகப் பிடித்து, இழுவையின் நடுவில்தான் பாரம் ஏறும். எதிர்க்காற்றில் கியர் சைக்கிளை இலகு கியரில் உழக்குவதைப்போல, எண்ணிக்கை கூடும், ஒவ்வொரு இழுவையின் பாரமும் குறையும். கயாக் ஓட்டம் பிடித்த பிறகு வேகத்தில் பெரிய குறை தெரியாது.

உங்கள் காற்றுப் பிரச்சினைக்கு இது நல்ல மருந்து. வாவி கரையோடு ஒட்டி வடக்குத் தெற்காகக் கிடக்கிறது, கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. ஆகவே எப்படிப் போனாலும் பக்கக்காற்றுத்தான். அலகைத் திருப்பி வைப்பது எதிர்க்காற்றைக் கிழிக்க உதவும். பக்கக்காற்றில் மேலே படுத்தபடி நிற்கிற அலகுக்கு அடியால் காற்றுப் புகுந்து தூக்கும். ஒடுங்கிய துடுப்பைத் தாழ்வாக, கைகளை மடிக்குக் கிட்ட வைத்து இழுப்பதால் மேலே நிற்கும் அலகும் தாழ்வு, முகமும் சிறிது.

முழங்கால் தண்ணீரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 80 செ.மீ. அலகை 30 பாகைச் சரிவில் போட்டால் 40 செ.மீ. ஆழம்தான் வேண்டும். 46 செ.மீ. அகல அலகை 60 பாகைக்கு நிமிர்த்திப் போட்டாலும் அதே 40 தான் வரும். சாதாளை இரண்டிலும் தொங்கும். ஆனால் அகல அலகின் கழுத்தில் அது மாட்டிக்கொள்ளும். தோள் இல்லாமல் சீராக மெலிகிற ஒடுங்கிய அலகில் இழுத்து எடுக்கும்போதே வழுக்கி விழும்.

கயாக்கின் அகலத்தையும் கவனியுங்கள். 58 செ.மீ.க்கு ஒடுங்கிய துடுப்பு பொருந்தும். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற 75, 80 செ.மீ. பிளாஸ்ரிக் கயாக்குக்கு அந்த அளவில் செய்தால் ஒவ்வொரு தரமும் விளிம்பில் இடிக்கும். அந்த வகைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பொத்துவிலான்

அஸ்ஸலாமு அலைக்கும், தம்பிமாருக்கு. வாவிக்குள்ள நீங்க சொல்றது எல்லாம் சரி. அலைக்கு இதைக் கொண்டு வராதீங்க. அறுகம்பையிலயோ முகத்துவாரத்துக்கு வெளியிலயோ அலை உடையுற இடத்தில ரெண்டு இழுவையில கயாக் பாய வேணும். ஒடுங்கின துடுப்பு அந்த வேகத்தை எடுக்க இன்னும் ரெண்டு மூண்டு இழுவை கேக்கும். அதுக்குள்ள அலை தலைக்கு மேல. நுரைத் தண்ணியில பாதி காத்துத்தான். கயாக் சரியக்குள்ள அதில துடுப்பை ஊண்டி நிமிர அகலமான முகம் வேணும். அலைக்கு 205 முதல் 215 செ.மீ., அகல அலகு. இதில எனக்கு மறுகதை இல்ல.

இன்னொண்டு. அலுமினியத் தண்டை உப்புத்தண்ணியில பாவிச்சிட்டு மூட்டோட சாத்தி வெச்சா உப்பும் மணலும் சேர்ந்து இறுகிரும், பொத்தான் உள்ளுக்கே நிண்டிரும். ஒவ்வொரு நாளும் கழட்டி, நல்லதண்ணியில கழுவி, ரெண்டு துண்டாவே காய வைங்க. கிறீஸ் பூசாதீங்க, அது மணலைப் பிடிச்சு வெச்சு தண்டை உராயும். திருப்பத்தை மாத்தப் போக்குள்ள உங்கட மூட்டு அசையாட்டி காரணம் இதுதான். கொதிதண்ணியை வெளிக்குழாயில மட்டும் ஊத்தி, ரெண்டு பேர் பிடிச்சு முறுக்கி எடுங்க, முறுக்கினாப் போல இழுங்க.

மாரியில முகத்துவாரம் வெட்டுப்பட்டு வாவித் தண்ணி கடலுக்கு ஓடுற நாளில எந்தத் துடுப்போடயும் அதுக்குள்ள போகாதீங்க. வெளியில போற ஓட்டமும் உள்ள வாற அலையும் முட்டி நட்ட நேருக்கு எழும்பும்.

நீரோட்டம்

அலை விடயத்தில் காக்காவோடு ஒத்துப்போகிறேன். ஊன்றி நிமிர்வதில் மட்டும் ஒரு திருத்தம். ஒடுங்கிய துடுப்பில் கையை நடுவிலேயே வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு கையை அலகின் நுனி வரை வழுக்கி எடுத்துப் பிடித்தால் மற்றப் பக்கம் ஒன்றரை மீற்றருக்கு மேல் நீளும். அந்த நெம்பில் நிமிர்வதும் கயாக்கைத் திருப்புவதும் இலகு. அலகு ஒடுங்கியதாக இருப்பதாலேதான் இப்படிப் பிடிக்க முடிகிறது. இரண்டு வகைத் துடுப்பும் இருந்தால் அகலத் துடுப்பை இரண்டாகக் கழற்றிப் பின்மேடையில் கட்டி வையுங்கள், மாற்றுத் துடுப்பாகும்.

சீவுளி

மரவேலையை நான் சொல்றன்.

அளவு எடுக்க மீற்றர் நாடா தேவையில்ல. கிறீன்லாந்தில பலகை அறுக்கிற அளவுக்குப் பெரிய மரம் அநேகமா இல்ல. கடலில ஒதுங்கின மரத்தில, அவரவர் உடம்பு அளவுக்குத்தான் செய்தாங்க. நம்மட ஆக்களின்ட கணக்கிலயே சொல்லலாம்: ஒரு பாகமும் ஒரு முழமும். கையை விரிச்ச அகலம் 170, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி 46 எண்டா 216 செ.மீ. நடுத்தண்டு உங்கட தோள் அகலம், 48 முதல் 52 செ.மீ. அலகின்ட அதிக அகலம், பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைச்சா அதுக்குள்ள பிடிபட வேணும், அநேகமா 8.5 செ.மீ. அதுக்கு மேல போனா அலகைப் பிடிச்சு வழுக்க ஏலாது.

மரக்காலையில மலைவேம்பு கேளுங்க, சிங்களத்தில லுணுமிதெல்ல. அது இல்லாட்டி கணு இல்லாத பைன். முடிஞ்ச துடுப்பில கிட்டத்தட்ட 1,800 கன செ.மீ. மரம் நிக்கும். மலைவேம்பில அது 800 கிராம் அளவில வரும், தேக்கில 1.2 கிலோ, முதிரையில 1.7 கிலோ. உறுதி எண்டு முதிரைக்குப் போனா தோள் போகும். அல்பீசியா மெத்த இலேசு, ஆனா விளிம்பு நகம் பட்டாலே குழியும்.

பலகை 7¼ அடி நீளம், 3½ அங்குல அகலம், 1½ அங்குலத் தடிப்பு. வாங்க முந்தி விளிம்புப் பக்கத்தைப் பாருங்க: இழை ஒரு முனையில தொடங்கி மற்ற முனை மட்டும் விளிம்போட ஒட்டி ஓட வேணும். நடுவழியில இழை வெளியே ஓடினா அந்த இடத்திலதான் முறியும். கணு நடுத்தண்டுக்கும் அலகுக்கும் இடையில வந்தா அந்தப் பலகை வேண்டாம்.

நாலு பக்கமும் நடுக்கோடு நூல் அடிச்சு விடுங்க, அந்தக் கோட்டைக் கடைசி வரைக்கும் அழிக்காதீங்க. முதல்ல மேல்முகத்து வடிவத்தை அறுக்கிறது. பிறகு பக்கத்துத் தடிப்பு: நடுத்தண்டில 32 மி.மீ., நுனியில 12 மி.மீ., இடையில சீரா மெலிய வேணும். பிறகு அலகின்ட விளிம்பில நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 3 மி.மீ. விட்டு கோடு போடுங்க. அந்த 6 மி.மீ. தான் விளிம்பின்ட தடிப்பு. முகத்து நடுக்கோட்டிலிருந்து அந்தக் கோடு மட்டும் சீவுளியால சரிச்சு எடுத்து, கடைசியில மேட்டை அரத்தால உருட்டுங்க. நடுத்தண்டு 38 க்கு 32, மூலை மட்டும் உருட்டின நீள்சதுரம். முழு வட்டமா உருட்டிட்டா அலகு எந்தப் பக்கம் பாக்குது எண்டு கைக்குத் தெரியாது.

ஓடாவியார்மார் பழக்கத்தில விளிம்பைக் கத்தி மாதிரி கூராக்கிருவாங்க. முன்னமே சொல்லி வைங்க. கூரான விளிம்பு கண்ணா மர வேரில இருக்கிற சிப்பியில ஒரு தரம் பட்டா துண்டு பறக்கும். 10 மி.மீ. எண்டு தடிப்பா விட்டா ஒவ்வொரு இழுவைக்கும் "குபுக்" எண்டு சத்தம் போட்டு ஆடும்.

நுனி 10 செ.மீ.க்கு எபொக்சி ரெண்டு பூச்சு. மற்ற இடம் எல்லாம் கடையில 'boiled' எண்டு விக்கிற லின்சீட் எண்ணெய் (நீங்க கொதிக்க வைக்க வேண்டாம்): ஈரத்துணியால துடைச்சு, எழும்புற நார் காய்ஞ்ச பிறகு சாண்ட்பேப்பர் பிடிச்சு, மூண்டு பூச்சு. ஒவ்வொரு பூச்சையும் 20 நிமிசத்தில துடைச்சு எடுங்க. துடைச்ச துணியைச் சுருட்டி எறியாதீங்க, அந்த எண்ணெய் காயக்குள்ள தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணியில நனைச்சு விரிச்சுப் போடுங்க. நடுத்தண்டுக்கு வார்னிஷ் பூசவே வேண்டாம், வியர்வைக் கைக்கு வழுக்கும், பெருவிரலடி கொப்பளிக்கும்.

வாவிக்கரை_கல்லடி

எல்லாருக்கும் நன்றி. பொத்துவில் காக்கா சொன்ன மாதிரித்தான், மூட்டு இறுகித்தான் இருந்தது. கழட்டி பூச்சியத்துக்கு மாத்தினதில மணிக்கட்டு நோவு நிண்டிட்டு. மரத்துடுப்பும் வந்தாச்சு: பைன், 218 செ.மீ., 930 கிராம். நடுத்தண்டு மட்டும் 56 செ.மீ. ஆப்போச்சு. வலப்பக்கம் சத்தமில்லாமப் போகுது. இடப்பக்கம் இழுக்கக்குள்ள அலகு நடுங்குது, பின்னால வெள்ளைக் குமிழி வருது. மரத்தின்ட பிழையா?

சீவுளி

முறுக்கம் இருக்கா பாருங்க. ஒரே அளவான ரெண்டு நேர்ச்சட்டத்தை ரெண்டு அலகுக்கும் குறுக்கா வெச்சு, ஒரு நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால பாருங்க. முன்சட்டத்து மேல்விளிம்பும் பின்சட்டத்து மேல்விளிம்பும் ஒண்டாத் தெரிய வேணும். ஒரு மூலை தூக்கித் தெரிஞ்சா, அந்த அலகில உயர்ந்த மூலையையும், மறுமுகத்தில அதுக்கு மாறான மூலையையும் கொஞ்சம் கொஞ்சமாச் சீவுங்க.

நீரோட்டம்

சீவ முதல் இன்னொரு சோதனை. துடுப்பைத் தலைமாற்றிப் பிடியுங்கள், இடப்பக்க அலகு வலப்பக்கம் வரட்டும். நடுக்கமும் வலப்பக்கம் போனால் மரம். இடப்பக்கமே நின்றால் கை.

வாவிக்கரை_கல்லடி

சட்டம் வெச்சுப் பாத்தன், ரெண்டும் ஒண்டாத்தான் தெரியுது. தலைமாத்தியும் இடப்பக்கம்தான் நடுங்குது அண்ணன்.

நீரோட்டம்

அப்படியென்றால் சீவுளியை வைத்துவிடுங்கள். ஒடுங்கிய அலகை நட்ட நேராக இழுத்தால் இரண்டு விளிம்பாலும் தண்ணீர் மாறி மாறிச் சுழன்று உதிரும், அதுதான் நடுக்கம். மேல்விளிம்பு முன்பக்கம் 20, 30 பாகை சாய்ந்திருக்க வேண்டும். அப்போது இழுக்க இழுக்க அலகு தானே கீழே அமிழும், காற்றையும் கூட்டிக்கொண்டு போகாது. சாய்வு குறைந்தால் குமிழி வரும், மெத்திப் போனால் அலகு ஆழத்துக்கு ஓடிக் கையை இழுக்கும்.

இந்தச் சாய்வை மணிக்கட்டை முறித்து எடுக்கக் கூடாது. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுத்தண்டில், மற்ற மூன்று விரல்களும் அலகின் அடியில் தொங்கவேண்டும். அலகின் விளிம்பு அந்த மூன்று விரல்களுக்குள் படும்போது சாய்வு தானாக வரும். உங்கள் நடுத்தண்டு 56 ஆனபடியால் இடது கை முழுவதும் தண்டிலேயே நிற்கிறது போலிருக்கிறது, விரலுக்கு அலகு தெரியவில்லை. இடது கையை மூன்று விரல் அளவு வெளியே தள்ளிப் பிடியுங்கள். அது தோளுக்கு அகலமாகத் தோன்றினால் நடுத்தண்டின் இரண்டு முனையிலும் 3 செ.மீ. தூரத்துக்குத் தடிப்பை அரத்தால் மெலித்து, அலகு தொடங்கும் இடத்தை உள்ளே கொண்டுவரலாம். ஆனால் முதலில் கரையோரம், காற்றெழும்பாத விடியலில், கையை மட்டும் மாற்றி ஓடிப்பாருங்கள். குமிழி நின்றால் மரத்தில் கைவைக்க வேண்டாம்.