சிங்கப்பூரில் படி ஏற எங்கே போகிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசூன்வாசி

இந்தப் புரட்டாசியில் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறப் போகிறேன். 3,550 படி. அம்மாவின் வேண்டுதல் அது. அவருக்கு வயது 74, முழங்கால் இடம் கொடுக்காது, அதனால் அவருக்காக நான் ஏறுகிறேன். எனக்கு 47. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. கடைசியாகப் பழநி மலை ஏறியது கல்யாணத்துக்கு முன்னால்.

நம் ஊரில் மலை என்று சொல்ல புக்கிட் தீமாவை விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை, அதுவும் 163 மீட்டர்தான். ஆனால் திரும்பின பக்கமெல்லாம் மாடி வீடு. அதனால் என் புளோக்கிலேயே ஆரம்பித்தேன். 12 மாடி. ஒரு மாடிக்கு 16 படி, எட்டு ஏறினால் ஒரு திருப்பம், மறுபடி எட்டு. கீழேயிருந்து உச்சி வரை ஏற வேண்டியது 11 மாடி, 176 படி. இருபது தடவை ஏறினால் 3,520. ஏறுவது காலால், இறங்குவது லிஃப்டில்.

எத்தனையாவது சுற்று என்பது எனக்கு மறந்துகொண்டே இருந்தது. அம்மா பல்லாங்குழிக்குச் சேர்த்து வைத்திருக்கிற டப்பாவிலிருந்து 20 புளியங்கொட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் இடது பாக்கெட்டில் இருக்கும். உச்சிக்குப் போனதும் ஒன்றை வலது பாக்கெட்டுக்கு மாற்றுவேன். முதல் நாள் ஐந்து கொட்டையோடு நின்றுவிட்டேன். மூன்று வாரத்தில் பதினொன்று வந்தது.

பிறகு ஓர் ஆசை. 12 மாடியில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை லிஃப்டில் நின்று மூச்சு வாங்கிவிடுகிறேன், திருமலையில் அது நடக்காதே என்று தோன்றியது. அதனால் புதிய பேட்டை ஒன்றில் 40 மாடி புளோக்கைத் தேடிப் போனேன். காலை ஆறு மணி. மூன்றாவது சுற்றில் 22-வது மாடியில் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். மலாய்க்காரர், என்னைவிட இளையவர், தோளில் கைக்குழந்தை. குரலை உயர்த்தவே இல்லை. "அங்கிள், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் மகள் தூங்குகிறாள். உங்கள் காலடிச் சத்தம் ஒவ்வொன்றும் உள்ளே கேட்கிறது" என்றார். விடிய விடிய அழுத குழந்தை அப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறது.

எனக்கு உடம்பே கூசிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எதற்காக ஏறுகிறேன் என்று கேட்டார், அம்மாவின் வேண்டுதலைச் சொன்னேன். குழந்தையைத் தட்டிக்கொண்டே என்னைத் தாழ்வாரத்தின் நடுப்பக்கம் கூட்டிப்போய், லிஃப்டை ஒட்டிய இன்னொரு படிக்கட்டைக் காட்டினார். அதன் சுவர் எந்த வீட்டோடும் ஒட்டவில்லை. "இதில் ஏறுங்கள், எட்டு மணிக்கு மேல் வாருங்கள்" என்றார்.

அன்றிலிருந்து எங்கே போனாலும் ஏறுவதற்கு முன் சுவரைத்தான் பார்க்கிறேன். பின்னால் படுக்கையறையா, லிஃப்ட் கூண்டா, வெட்டவெளியா என்று. கட்டடத்தைப் பற்றி எனக்கு இதைவிட உருப்படியாக யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

நீங்கள் எல்லாம் எங்கே ஏறுகிறீர்கள்? யாருக்கும் தொந்தரவு இல்லாமல், உயரமும் கிடைக்கிற இடம் வேண்டும்.

பிடோக் அத்தை

தம்பி, லிஃப்டில் இறங்குகிறீர்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. நான் அதைச் செய்யாமல் பட்டவள். 58 வயதில் உற்சாகமாகப் பத்து மாடி ஏறி, பத்து மாடியும் நடந்தே இறங்கினேன். ஒரே வாரத்தில் வலது முழங்கால் பானை மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் விளக்கின பிறகுதான் புரிந்தது. ஏறும்போது மூச்சு வாங்குவதால் அதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம். இறங்கும்போது மூச்சு வாங்காது, ஆனால் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் முழங்காலில் விழுமாம்.

ஆறு மாதம் கழித்து நடைமேம்பாலத்தில் மறுபடி தொடங்கினேன். சாலையைத் தாண்டிச் சந்தைக்குப் போகிற பாலம், 34 படி. லிஃப்டும் வைத்திருக்கிறார்கள். ஏறுவேன், லிஃப்டில் இறங்குவேன், காய் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் மறுபடி ஏறுவேன். கைப்பிடி இருக்கிறது, நாலு பேர் போய் வருகிறார்கள், விழுந்தால் தூக்கிவிட ஆள் உண்டு. என்னைப் போன்றவர்கள் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பெண்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தீத்தடுப்புக் கதவு மூடிய படிக்கட்டில் தனியாக ஏற எனக்குப் பிடிப்பதில்லை. கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது, காற்றும் கிடையாது. பழைய புளோக்குகளில் படிக்கட்டு வெளிப்பக்கம் திறந்திருக்கும். கீழே போகிற ஆளை நான் பார்க்கலாம், அவரும் என்னைப் பார்க்கலாம். எனக்கு அதுதான் வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மராங் பாதைக்குப் போகிறேன். ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பக்கத்திலேயே காட்டுக்குள் படி தொடங்கிவிடும். ஃபேபர் மலை உச்சி வரை சுமார் 800 மீட்டர் தூரம், 70 மீட்டர் ஏற்றம், அதாவது 24 மாடி. மேலே மரநிழல். பின்னால் யார் வீடும் இல்லை தம்பி, நீங்கள் கேட்ட இடம் அதுதான். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் கால் கேட்டால் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வரை நடக்கலாம். திரும்ப நான் பேருந்தில்தான்.

மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். படியில் பாசி, ஈர இலை. ஒருமுறை கைப்பிடியைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன்.

செங்காங் தம்பி

வணக்கம் அண்ணே. நான் ஏறியது மலேசியாவின் கினபாலு மலைக்காக. உச்சி 4,095 மீட்டர். நடை தொடங்குகிற திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது, முதல் நாள் இரவு தங்குகிற லாபன் ராத்தா 3,272-இல். அதாவது ஒரே நாளில் 1,400 மீட்டர் ஏற்றம். மாடிக்கு 2.8 மீட்டர் என்று கணக்குப் போட்டால் 500 மாடி! கணக்கைப் பார்த்ததும் நண்பன் வரமாட்டேன் என்றே சொல்லிவிட்டான். பிறகு வந்தான்.

நாங்கள் ஏறியது எங்கள் 25 மாடி புளோக். முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு. ஏழாவது மாடி சீனப் பாட்டி எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "லிஃப்ட் கெட்டுப்போச்சா?" இல்லை பாட்டி, உடற்பயிற்சி என்றோம். மறுநாளும் அதையே கேட்டார். மூன்றாம் நாள், அரிசியைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போகிறீர்கள், நானும் வந்து சொல்கிறேன், கீழேயே இறக்கிவைக்கச் சொல்லலாம் என்றார். எங்களை வேலைக்கு வைத்து யாரோ வதைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம். மலைப் படத்தைக் கைப்பேசியில் காட்டிய பிறகுதான் சமாதானம். போய் வந்ததும் முதலில் அவருக்குத்தான் படங்களைக் காட்டினோம்.

நான் செய்த ஒரு பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன், யாரும் செய்யாதீர்கள். மதிய உணவு நேரத்தில் அலுவலகக் கட்டடத்தின் அவசரப் படிக்கட்டில் ஏறலாம் என்று 18-வது மாடியில் கதவைத் திறந்து உள்ளே போனேன். பின்னால் கதவு மூடிக்கொண்டது. படிக்கட்டுப் பக்கத்திலிருந்து திறக்க முடியாத கதவு அது. தீ விபத்தில் மக்கள் வெளியேறத்தான் அந்தப் படிக்கட்டு, பாதுகாப்புக்காக மாடிகளுக்குள் திரும்ப நுழைய விடமாட்டார்கள். மேலே ஏறிப் பார்த்தேன், எல்லாக் கதவும் பூட்டு. உள்ளே அனல். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. கடைசியில் தரைத்தளம் வரை இறங்கி வெளிக்கதவைத் தள்ளினேன், அலாரம் அலறியது, காவலாளிகள் ஓடி வந்தார்கள். அவர்கள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. அலுவலகத்தில் ஏற வேண்டுமானால் முதலில் கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள். கொண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி, என்றால் அங்கே குடியிருக்கிற நண்பர் கூட வரட்டும்.

டக்ஸ்டன் பினக்கிள் வீடுகள் 50 மாடி ஆயிற்றே என்று பலர் கேட்கிறார்கள். உச்சிப் பாலத்தைக் கட்டணம் கட்டிப் பார்த்துவிட்டு வரலாம், ஆனால் போவது லிஃப்டில். பயிற்சிக்கு ஆகாது.

தோ பாயோ பெரியவர்

நீங்கள் எல்லாம் இடம் தேடுவதைப் படிக்கும்போது பழைய ஞாபகம் வருகிறது. எங்கள் புளோக்கில் அப்போது லிஃப்ட் 1, 5, 9 மாடிகளில் மட்டும்தான் நிற்கும். வீடு ஏழாவது மாடி. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்க வேண்டும். தெம்பு இருந்தால் ஏறுவோம், களைத்து வந்த மாலையில் இறங்குவோம். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நாற்காலியில் உட்காரவைத்து நானும் பக்கத்து வீட்டு மலாய்ப் பையனும் தூக்கிக்கொண்டுதான் அந்த இரண்டு மாடியும் இறங்கினோம். லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் 2001-இல் வந்தது, பிறகு எங்கள் மாடியிலும் நின்றது. அப்பா அதைப் பார்க்கவில்லை.

இது எதற்கு என்றால், உங்களுக்குப் பயிற்சியாக இருக்கிற படி, பக்கத்தில் இருக்கிறவருக்கு வேறு ஏதாவதாக இருக்கலாம். லிஃப்டில் கீழே வரும்போது சக்கரநாற்காலியோ, குழந்தை வண்டியோ, பொருள் ஏற்றுகிறவரோ காத்திருந்தால் அவர்களை முதலில் விடுங்கள். அடுத்ததில் வரலாம்.

ஓட்டம், மாரத்தான் என்று நானும் அலைந்திருக்கிறேன். 1990களில் ஸ்டாம்ஃபர்ட் ஹோட்டலில் நடந்த படியேறும் போட்டியில் கலந்துகொண்டேன். 73 மாடி, 1,336 படி. முப்பதாவது மாடிக்கு மேல் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டுதான் போனேன். ஒரு படியாக ஏறினவர்கள் இரண்டு படியாகத் தாவினவர்களை நாற்பதுக்கு மேல் தாண்டிப் போனதைப் பார்த்தேன். ஈசூன் தம்பி, இதை மனதில் வையுங்கள். ஒவ்வொரு படியாக.

எனக்குப் பிடித்த இடம் புக்கிட் பாத்தோக் குன்று. நேராக 120 படி. ஜப்பானியர் ஆட்சியில் பிடிபட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகளை வைத்து மேலே ஒரு நினைவுச் சின்னத்தை எழுப்பினார்கள். 1945-இல் அது போய்விட்டது, படி மட்டும் மிச்சம். இன்று உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம். யார் கை பட்ட படி என்று தெரிந்து ஏறுகிறவன் அங்கே இரைந்து பேசமாட்டான்.

தேக்கா பேத்தி

சுருக்கமாக: டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே ஃபோர்ட் கேனிங் ஏறுவேன். பல பக்கம் படி இருக்கிறது, ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கி மாற்றி மாற்றிப் போகலாம். ஏற்றம் குறைவுதான், ஆனால் பகலில் வெயில் தெரியாது. புக்கிட் தீமா போகிறவர்கள் பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். என் அக்காவின் தயிர்சாதம் அப்படித்தான் போனது.

ஈசூன்வாசி

எல்லாருக்கும் நன்றி. அத்தை சொன்ன மராங் பாதைக்கு இரண்டு ஞாயிறு போய்விட்டேன். மூச்சு வாங்கினால் மரத்தடியில் நிற்கலாம், யாரைப் பற்றியும் கவலையில்லை. பெரியவர் சொன்னபடி ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தேன். வாரநாளில் பதினொன்றில் நின்ற கொட்டை பதினாறுக்கு வந்துவிட்டது.

நேற்று இருபதும் வலது பாக்கெட்டுக்குப் போனது. ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மா கையில் கொட்டினேன். எண்ணிப் பார்த்தார். "176-ஐ இருபதால் பெருக்கினால் 3,520தானே? இன்னும் 30 படி பாக்கி இருக்கிறதே" என்றார்.

சட்டையை மாற்றிக்கொண்டு கோப்பிக்கடைக்குக் கிளம்பினேன். வழக்கமாகக் கீழே சாலையைக் கடந்து போவேன். நேற்று மேம்பாலத்தில் ஏறினேன், எண்ணிக்கொண்டே.