சிந்த்பாப் குழுவை முதல்முறை நேரில் பார்க்கப் போகிறீர்களா? எங்கே நிற்பது, எதைக் கேட்பது

சிந்த்பாப் என்பது சிந்தசைசர் என்னும் மின்னணு விசைப்பலகையை மையமாகக் கொண்ட பாப் இசை. வருடக்கணக்கில் ஹெட்போனில் கேட்ட குழு என்றால் எல்லோரும் முன்வரிசைக்குத்தான் அடித்துப்பிடித்து ஓடுவார்கள். பார்ப்பதற்கு அது நல்ல இடம். கேட்பதற்கு அரங்கிலேயே மோசமான இடமும் அதுதான். ராக் கச்சேரியில் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் டிரம்ஸும் மேடையிலிருந்து நேராகவே காதுக்கு வந்துவிடும். சிந்த்பாப் மேடையில் அப்படி இல்லை. சிந்தசைசர்களின் ஒலி முழுக்க கேபிள் வழியாக, எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்சருக்குப் போகிறது. வாசிப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதை காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டரில் கேட்டுக்கொள்கிறார்கள். ஸ்பீக்கர்களை அணைத்தால் பல மேடைகளில் சத்தமே இருக்காது.

பிரதான ஸ்பீக்கர்கள் உயரத்தில் தொங்குவதால் ஒலி உங்கள் தலைக்கு மேலாகப் பின்னால் போய்விடும். முன்வரிசைக்கு மிஞ்சுவது தரையில் இருக்கும் சப்வூஃபரின், அதாவது தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கரின், அதிர்வும், மேடை விளிம்பில் வைத்த சின்ன ஸ்பீக்கர்களில் வரும் ஒல்லியான குரலும்தான். நீங்கள் ஆசைப்பட்டுக் காத்திருந்த ஆர்ப்பெஜியோ (ஸ்வரங்களை ஒவ்வொன்றாக அடுத்தடுத்து ஒலிக்கும் வரி) இடையில் எங்கோ காணாமல் போயிருக்கும். மிக்சிங் மேசைக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டை ஒட்டி நில்லுங்கள். இன்ஜினியர் அங்கே நின்று கேட்டுத்தான் கலக்குகிறார்.

*

நடுக்கோடு என்று சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். சப்வூஃபர்களை இடமும் வலமுமாக அடுக்கியிருந்தால் சரியாக நடுவில் இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும், பேஸ் பெருத்துவிடும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 5.7 மீட்டர். இரண்டு பக்கத்துக்கும் உள்ள தூர வித்தியாசம் அதில் பாதியாக, அதாவது ஏறக்குறைய 2.9 மீட்டராக அமையும் இடத்தில், அந்த ஸ்வரம் செத்துவிடும். பேஸ் வரியில் ஒரு ஸ்வரம் இடிக்கிறது, அடுத்தது கேட்கவே இல்லை என்றால் கருவியில் கோளாறு இல்லை, நீங்கள் நிற்கும் இடம்தான் காரணம். இரண்டு மூன்று அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். சப்வூஃபர்களை மேடையின் முன் ஒரே வரிசையாகப் பரப்பியிருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, கைதட்டல். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். 60 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு அது 0.17 நொடி தாமதமாக வருகிறது. நிமிடத்துக்கு 120 துடிப்பு கொண்ட பாட்டில் இது மூன்றில் ஒரு துடிப்பு! அவர் தட்டும் சத்தம் மேடைக்குத் திரும்பும்போது தாமதம் இரட்டிப்பாகிவிடும். பாடகர் இன்-இயர் மானிட்டரால் காதை இறுக்கி அடைத்துக்கொண்டு, தாளம் காட்டும் கிளிக் ட்ராக்கைக் கேட்டுப் பாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

*

காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் (NIOSH) பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், ஆகவே 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சாதாரண ஃபோம் அடைப்பான் உயர்ந்த சுருதிகளைத்தான் அதிகம் வெட்டும். ஹைஹேட் என்னும் ஜோடித் தாளத்தட்டும் டிரம் மெஷினின் கைதட்டல் ஒலியும் மங்கிவிடும். சிந்த்பாப்புக்கு எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் வகை அடைப்பானே ஏற்றது. ஃபோம்தான் கையில் இருக்கிறதென்றால் மெல்லியதாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை 20, 30 நொடி விரலால் பிடித்திருங்கள். பாதி செருகியது பாதுகாப்பே இல்லை.

*

"எல்லாம் டேப்தானே", அதாவது முன்பே பதிவு செய்ததுதானே, என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். டேப்பை மறைக்காத குழுக்கள் இந்த இசையில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. இங்கிலாந்துக் குழுவான ஓஎம்டி 1978இல் வின்ஸ்டன் என்று பெயர் வைத்த டேப் ரெக்கார்டரை மேடையிலேயே நிறுத்தியது. இன்னொரு இங்கிலாந்துக் குழுவான டெபெஷ் மோட் 1988 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் பாசடீனாவில் உள்ள ரோஸ் பவுல் மைதானத்தில் வாசித்தபோது, பதிவு செய்த ஒலிகளை விசையில் ஏற்றி வாசிக்கும் ஈமேக்ஸ் சாம்ப்ளர்கள் இருந்தன. பாடலின் ஒலிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொருவரின் விசைப்பலகையிலும் ஏற்றிக்கொடுத்தவர் அப்போது குழுவில் இருந்த ஆலன் வைல்டர். விரல் தவறினால் அந்த ஒலி வராது, அவ்வளவு நேரடியானது அது. 1990களின் பிற்பகுதியிலிருந்து டெபெஷ் மோட் மேடையில் கிறிஸ்டியன் ஐக்னர் டிரம்ஸ் வாசிக்கிறார், அதனால் பழைய பாடல்கள் இறுக்கம் தளர்ந்து கனமாகக் கேட்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் வராது.

ஜெர்மனியின் மின்னணு இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க்கில் யார் என்ன செய்கிறார் என்ற கேள்விக்குக் கச்சேரி முடிவில் பதில் கிடைக்கும். ஒவ்வொருவராகத் தன் பங்கை வாசித்துக் காட்டி, மேடை ஓரம் வந்து வணங்கிவிட்டுப் போவார்கள். கடைசியாகப் போவது குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரால்ஃப் ஹூட்டர். அதற்குமுன் வெளியே கிளம்பிவிடாதீர்கள். முப்பரிமாணக் கண்ணாடி தரும் நிகழ்ச்சியென்றால் ஓரத்து இருக்கை வேண்டாம், படம் கோணலாகும். இருவர் குழுவான பெட் ஷாப் பாய்ஸில் விசைப்பலகை வாசிக்கும் கிறிஸ் லோ அசையாமல் நிற்பதைப் பார்த்து ஆர்வமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். 1980களிலிருந்தே அவருடைய பாணி அதுதான்.

*

சுருதி பற்றி: வயதாகும் பாடகருக்காகப் பல குழுக்கள் பாட்டை அரை அல்லது ஒரு முழு ஸ்வரம் இறக்கி வாசிக்கும். உடன் பாடும்போது கோரஸ் வழக்கத்தைவிட எளிதாக எட்டினால் இதுதான் விஷயம். குழு மேடையில் நிஜமான பழைய அனலாக் சிந்தசைசர் வைத்திருந்தால் சூடேற அரை மணி நேரமாவது வேண்டும்; குளிர்ந்த திறந்தவெளியில் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் சுற்று நகர்ந்து முதல் சில பாடல்களில் சுருதி லேசாக விலகலாம். பலர் அசலை வீட்டில் வைத்துவிட்டு அதன் சாம்பிள்களைக் கொண்டுவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாடல் வரிசையை முந்தைய ஊர்களின் பட்டியலில் பார்த்துவிடலாம். திரைக்காட்சிகளும் விளக்குகளும் டைம்கோடில் (நேரத்தைக் காட்டும் மின்னணுக் குறியீட்டில்) பாட்டோடு பூட்டியிருப்பதால் ஓரிரு இடங்கள் தவிர அதிகம் மாறாது. டெபெஷ் மோடில் மாறுவது பெரும்பாலும் பாடல்களை எழுதும் மார்ட்டின் கோர் தனியாகப் பாடும் பகுதி. அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போகிறவர்கள் நிறைய பேர். தயவுசெய்து நீங்கள் போகாதீர்கள், அன்றைக்கு மட்டும் கிடைக்கும் பாட்டு அதுவாக இருக்கலாம்.