'ஓரோஜெனி': மலையாக்கம் என்ற ஒரே சொல் போதுமா?

> 'மலையாக்கம்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஆர்க்கியன் காலத்துக்கு (சுமார் 400–250 கோடி ஆண்டு முன்) மட்டும் புதுச்சொல் எதற்கு?

மலையாக்கத்தை விலக்கச் சொல்லவில்லை. புவித்தட்டுகள் நெருக்கி, மேலோடு மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடித்து, ஆழத்தில் பாறை உருமாறுவதே ஓரோஜெனி. உச்சி தேய்ந்த பிறகும் வேர் கிடக்கும். கனடாவின் டிரான்ஸ்-ஹட்சன் பட்டை சுமார் 180 கோடி ஆண்டுப் பழையது. இன்று அங்கே பெரிய மலை ஏதுமில்லை. அதனால் 'ஓரோஜென்' என்பதை 'மலைத்தொடர்' என்று எழுதுவது பிழை, 'மலையாக்கப் பட்டை' சரி.

சிக்கல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பில்பராவில் வருகிறது. ஏறத்தாழ 350 முதல் 320 கோடி ஆண்டு முந்தைய பாறைகள். பல பத்துக் கிலோமீட்டர் அகலக் கிரானைட் கவிகைகள் (குவிமாட வடிவப் பாறைத்திரள்கள்). அவற்றுக்கிடையே செங்குத்தாக இறங்கும் பசும்பாறைப் பட்டைகள், அதாவது பெரும்பாலும் உருமாறிய எரிமலைப் பாறைகள். அடர்த்தி (கிராம்/க.செ.மீ.) 3 அளவிலான பசால்ட் மேலே, 2.7 அளவிலான கிரானைட் கீழே. கதிரியக்க வெப்பத்தால் அடிப்பாறை இளகியதும் இலேசானது ஏறியது, கனத்தது தொய்ந்தது. பக்கவாட்டு நெருக்கல் இல்லாமலே இது நடக்கும். இதற்குக் 'கவிகையெழுச்சி' என்றும், கனத்த பாறை இறங்குவதற்குத் 'தொய்விறக்கம்' என்றும் சொல்லலாமா? 'அமிழ்தல்' வேண்டாம், அது தட்டு கீழே செருகிப் போவதற்கு நிலைத்துவிட்டது.

---

> கவிகையெழுச்சி, தொய்விறக்கம்

தொய்விறக்கம் கச்சிதம். 'எழுச்சி' இடறுகிறது: நிலமட்டம் உயர்ந்தது என்றே படிப்பார்கள். உள்ளிருந்து பாறை குமிழ்ந்து ஏறுவதுதானே இங்கே நிகழ்வது? 'கவிகைக் குமிழ்வு' என்பேன்.

இன்னொன்று, சொல்லைக் காலத்தோடு கட்டிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டனில் சுமார் 323 கோடி ஆண்டு முந்தைய உருமாற்றப் பாறைகள் 12–15 கிலோபார் அழுத்தத்தையும், 600–650 பாகை செல்சியசை மட்டுமே காட்டுகின்றன. ஏறத்தாழ 40 கி.மீ. ஆழத்துக்கு இது குளிர்ச்சி. மேலோட்டுத் துண்டுகள் மோதி, ஒன்று விரைந்து கீழே தள்ளப்பட்டதென்று பலர் கொள்வது இதனால்தான். அதுவும் ஆர்க்கியன்தான், ஆனால் அதை மலையாக்கம் என்றே சொல்லலாம். செயல்முறை எதுவோ அதற்கே பெயர்.

---

ஏற்கிறேன். 'கவிகைக் குமிழ்வு' இருக்கட்டும். உயரம் குறித்தும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ஆர்க்கியனில் கவசத்தின் (மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கின்) வெப்பம் இன்றைவிட 100–250 பாகை கூடுதல் என்பது பொதுவான மதிப்பீடு. இளகிய அடிமேலோடு பக்கவாட்டில் வழிந்துவிடும். இமயத்தின் அடியில் உள்ளதுபோல் 70 கி.மீ. தடிமன் நிலைப்பது கடினம். எனவே ஓரோஜெனிக்கு வரைவில் தந்துள்ள விளக்கத்தில் 'உயர்ந்த மலைகள் தோன்றும் நிகழ்வு' என்ற தொடரை எடுத்துவிடுவோம்.

பெயரடையாக 'மேலோட்டு' வரும் இடங்களில் எழுத்துப் பிழை பாருங்கள். வரைவில் இரண்டு இடத்தில் 'மேலோட்ட உருமாற்றம்' ஆகியிருக்கிறது. ஏதோ மேம்போக்கான மாற்றம் போலிருக்கிறது!