செயற்கைக்கோள் கட்டுற இடத்துல வேலை பார்த்தவங்க யாராவது உண்டா? அனுபவம் சொல்லுங்க

பழைய தெர்மல்காரன்:

தங்கச்சி மகன் கேட்டான்: "மாமா, சூரியனை ஆராயுற ஆதித்யா எல்1 செயற்கைக்கோளை எத்தனை பேர் டீம் சேர்ந்து கட்டினாங்க?" சட்டுனு பதில் சொல்ல வரல. டீம்னு ஒண்ணு ஒரே கூரைக்கு அடியில இருந்தாத்தானே எண்ண முடியும்!

நான் ஆதித்யாவுல இல்ல. ஆனா இஸ்ரோவுல வேலை நடக்குற விதம் தெரியும். பிராஜெக்ட் டைரக்டர்னு ஒருத்தர் இருப்பார், சுருக்கமா 'பிடி' (PD). ஆதித்யாவுக்கு நம்ம செங்கோட்டை நிகர் ஷாஜி. அவங்களுக்குன்னு நேரடியா இருக்கிறது சின்ன ஆபீஸ்தான். தெர்மல் (வெப்பக் கட்டுப்பாடு), பவர், ஸ்ட்ரக்சர் எல்லாம் தனித்தனி குரூப். ஆளுங்க குரூப் தலைவர் கையில, கெடு தேதி பிடி கையில. காலையில ஒரு செயற்கைக்கோளுக்குப் பளபளப்புப் போர்வை தைப்பேன், மதியம் இன்னொண்ணுக்கு. எந்தப் பிடி வந்து பக்கத்துல நிக்கிறாரோ அவர் வேலை முதல்ல முடியும், அவ்வளவுதான்.

அறிவியல் செயற்கைக்கோள்னா இன்னொரு சிக்கல். கருவி பல வெளியில இருந்து வரும். ஆதித்யாவுல 7 கருவி. கொரோனாவை, அதாவது சூரியனோட வெளி வளிமண்டலத்தை, படம் பிடிக்கிறது பெங்களூரு வானியற்பியல் கழகத்தோடது, புறஊதா தொலைநோக்கி புனேயில இருந்து, சூரியக் காற்றை அளக்கிறதுல ஒண்ணு அகமதாபாத்ல இருந்து. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேராசிரியர், அவருக்குத் தன் கருவிதான் தலைச்சன் பிள்ளை.

ஹொசக்கோட்டே பஸ்:

அண்ணே, நான் அந்தத் தலைச்சன் பிள்ளை பக்கம். இஸ்ரோவோட வானியல் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்டோட புறஊதா தொலைநோக்கி வேலையில ஆராய்ச்சி மாணவனா எடுபிடி. முதல் நாள் கிளீன் ரூம் (தூசி இல்லாம வெச்சிருக்கிற அறை) வாசல்லயே மடக்கிட்டாங்க.

"நெத்தியில என்ன?"
"விபூதி சார். வெள்ளிக்கிழமை..."
"முகம் கழுவிட்டு வா. பவுடர், சென்ட் எதுவும் கூடாது."

கோபம் வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது. கண்ணாடி மேல கண்ணுக்கே தெரியாத எண்ணெய்ப் படலம் படிஞ்சாலும் புறஊதா ஒளியை அது விழுங்கிடும். அதனாலதான் 2015 செப்டம்பர்ல ஏவின பிறகும் ஏறக்குறைய ரெண்டு மாசம் தொலைநோக்கி மூடியைத் திறக்கல. செயற்கைக்கோள்ல ஒட்டியிருக்கிற ஆவியெல்லாம் வெளியேறட்டும்னு காத்திருந்தாங்க.

எங்களுக்கும் செயற்கைக்கோள்காரங்களுக்கும் நடுவுல ஒரு ஆவணம் உண்டு. எந்தத் திருகு எங்க, எத்தனை வாட், எத்தனை கிலோ எல்லாம் அதுலதான். ஒரு கனெக்டரைத் திருப்பி வைக்கணும்னாலும் ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடணும். 2004-ல அனுமதி கிடைச்ச ஆஸ்ட்ரோசாட் பறக்க 11 வருஷம் ஆச்சு. அதுல எத்தனை மாசம் இந்தக் கையெழுத்துக்குப் போச்சோ!

வாஷர்:

எந்தச் செயற்கைக்கோள்னு சொல்ல மாட்டேன். அசெம்பிளியில இருந்தேன். உள்ள போகும்போது திருகு, வாஷர் எல்லாத்தையும் எண்ணி எடுத்துட்டுப் போவோம், வெளிய வரும்போதும் எண்ணணும். அன்னிக்கு வாஷர் ஒண்ணு குறைஞ்சுது. என் கணக்கு, என் தப்பு. தரக்கட்டுப்பாட்டு மேடம் பேனாவை மூடிட்டாங்க.

ராத்திரி 9 மணிக்குப் பிடி வந்தார். மறுநாள் காலையில அதிர்வுச் சோதனை.

"என்னம்மா, கிடைச்சுதா?"
"இல்ல சார். கிடைக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தரக்கட்டுப்பாட்டு ஆளுங்க பிடிக்குக் கீழ வரமாட்டாங்க. அவங்க பதில் சொல்றது மைய இயக்குநருக்கு. பிடி ஒண்ணும் பேசல, வாசல்ல செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உட்கார்ந்துட்டார். நாங்க டார்ச்சும் கண்ணாடியுமா கேபிள் கட்டு ஒவ்வொண்ணா பார்த்தோம். பதினொன்றரைக்குக் கிடைச்சுது, திருகு கொண்டுபோன பிளாஸ்டிக் பையோட மடிப்புல. உள்ள விழவே இல்ல.

பழைய தெர்மல்காரன்:

அந்த வாஷரை அப்புறம் மாட்டினீங்களா?

வாஷர்:

மாட்டவா! சின்னக் கவர்ல போட்டு ரிப்போர்ட்டோட சேர்த்துப் பின் பண்ணிட்டாங்க. என் பேரும் அதுல இருக்கு.