பழைய மேசைக்கணினிக்கு எந்தப் பாகத்தை முதலில் வாங்குவது?

புதுக்குடியிருப்பு வாசகர்:
வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் இருப்பது ஒரேயொரு மேசைக்கணினி. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களைப் பார்ப்பதும், அங்கத்தவர்கள் கடிதங்களைத் தட்டச்சுச் செய்வதும் அதில்தான். இன்டெல் ஐ5-2400 செயலி, எச்61 மதர்போட், 2 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்3 வகை நினைவகங்கள் (ராம்), 500 ஜிபி வன்தட்டு ஆகியவற்றுடன் விண்டோஸ் 10 இயங்குகிறது. திரை வருவதற்கே நெடுநேரம் ஆகிறது. மத்தியான வேளையில் திடீரென்று அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் திகதி பழைய ஆண்டுக்குப் போய்விடுவதால் இணையத்தளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை வருகிறது. காட்டிய கடையில் மதர்போட்டையும் பவர் சப்ளையையும் மாற்றச் சொன்னார்கள். அங்கத்தவர்களிடம் சேர்த்த பணம் என்பதால் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது. எதை வாங்கலாம்?

கிளிநொச்சியிலிருந்து பதில்:
தம்பி, இப்போதைக்கு மதர்போட் வாங்க வேண்டாம். திகதி மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மதர்போட்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ற்று நாணயப் பற்றரி தீர்ந்திருப்பதுதான். மணிக்கூட்டுக் கடையிலும் அது கிடைக்கும். மத்தியானத்தில் மட்டும் அணைவது வெப்பத்தையே காட்டுகிறது. எங்கள் கிரவல் வீதிகளின் புழுதி செயலியின் விசிறிக்கும் ஹீற் சிங்க் எனும் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகட்டுக்கும் இடையில் கம்பளிபோலப் படிந்துவிடும்; அதற்கடியில் உள்ள வெப்பப் பசையும் இத்தனை ஆண்டுகளில் காய்ந்து போயிருக்கும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் புழுதியை அகற்றி, பழைய பசையை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, புதிய பசையைப் பயறளவு வையுங்கள்.

பிறகு பயோசுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) சென்று செயலியின் வெப்பநிலையையும் பவர் சப்ளை தரும் 12 வோல்ற்று இணைப்பின் அளவையும் பாருங்கள். அது 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையில் நின்றால் பவர் சப்ளையை உடனே மாற்ற அவசியமில்லை. மதர்போட்டில் உள்ள கொள்ளளவிகள் எனும் சிறு உருளை வடிவப் பாகங்களின் தலை உப்பியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். உப்பியிருந்தால் மட்டுமே கடைக்காரர் சொன்னதில் நியாயம் உண்டு.

மாங்குளத்திலிருந்து பதில்:
கிளிநொச்சி அண்ணா சொன்னவற்றை முடித்த பின்னர், வேகத்துக்காக முதலில் வாங்க வேண்டியது 240 ஜிபி அளவிலான 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (வன்தட்டுக்குப் பதிலாகப் பொருத்தும், சுழலும் பாகமற்ற சேமிப்பகம்). உங்கள் மதர்போட்டில் உள்ள எச்61 சிப்செட் எனும் கட்டுப்பாட்டுச் சில்லு தரும் சாட்டா இணைப்பு விநாடிக்கு 3 ஜிகாபிட் வரைதான் செல்லும் என்பதால், விலை கூடிய வேகமான வகைக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை. ஆயினும் சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வன்தட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு உங்களை வியக்க வைக்கும்.

அடுத்தது நினைவகம். எச்61 மதர்போட்டில் பொதுவாக இரண்டு ஸ்லொட்டுகளே இருப்பதால், இருப்பவற்றைக் கழற்றிவிட்டு 4 ஜிபி வீதம் இரண்டைப் போட வேண்டும். இந்தச் செயலி 1333 வரையான நினைவக வேகத்தையே ஏற்கும். 1600 என்று எழுதியிருந்தாலும் அது 1333 இல் இயங்கும். மிக மலிவாகக் கிடைக்கும் சில டிடிஆர்3 நினைவகங்கள் ஏஎம்டி மதர்போட்டுகளுக்கு மட்டுமானவை. அவை உங்கள் கணினியில் வேலை செய்யமாட்டா. ஆகவே போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

புதுக்குடியிருப்பு வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பற்றரியை மாற்றியதும் திகதி நிலைத்துவிட்டது. ஹீற் சிங்க்கில் இருந்து எடுத்த புழுதி ஒரு கைப்பிடி இருந்தது; நான்கு நாட்களாக மத்தியானத்திலும் கணினி அணையவில்லை. 12 வோல்ற்று இணைப்பு 11.9 காட்டுகிறது, கொள்ளளவிகளும் உப்பவில்லை. எஸ்எஸ்டி வாங்கும்போது விண்டோஸ் 11 போடலாமா?

மாங்குளத்திலிருந்து பதில்:
விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்குவதற்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்களுடையது இரண்டாம் தலைமுறை. ஆகையால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதே நல்லது. கடிதங்கள் எழுத உதவும் லிப்ரே ஆபிஸ் அதனுடனேயே வரும், யூனிகோட் தமிழிலும் தட்டச்சுச் செய்யலாம். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் பிரதி எடுத்துச் சென்று நிறுவுங்கள், இல்லாவிட்டால் அவற்றை வாசிக்க முடியாது.

இன்னொன்று: நிலையத்தின் கணக்குகளும் கூட்ட அறிக்கைகளும் பழைய வன்தட்டில் இருக்குமானால், எஸ்எஸ்டியைப் பொருத்துவதற்கு முன்னரே அவற்றை வேறு இரண்டு இடங்களில் பிரதி செய்துவிடுங்கள். அந்த வன்தட்டை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.